கெப் கடற்கரைக்கு மூன்று பேர்

வேனுக்கு வெளியே நின்று தோவா ஐந்தாவது தடவையாக மணி பார்த்தாள். பன்னிரண்டு பத்து. இரண்டு மணிக்குக் கம்போடியாவின் கெப் கடற்கரையில் இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால் ஒன்றேகால் மணி நேர ரோடு. நேரம் போதும். ஆனாலும் கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

முதுகில் இரவல் பை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணுடையது. ஜிப்பில் ஒரு பஞ்சுக் கரடி தொங்கியது. வியட்நாமின் ராக் யா மார்க்கெட்டில் நூடுல்ஸ் சூப் கடை வைத்திருப்பவள், முப்பத்தெட்டு வயதில், அரைக்கால் சட்டையும் துணித்தொப்பியுமாக ஊர் சுற்றக் கிளம்பியவள் வேஷத்தில் நின்றாள். வேஷம் தம்பி சொன்னது.

நேற்றுச் சாயங்காலம் ஏதோ ஒரு கம்போடிய நம்பரிலிருந்து பேசினான். இரண்டு மாதம் கழித்துக் கேட்கும் குரல்.

"ரெண்டாம் அக்கா, நாளைக்கு என்னை விட்டுடறாங்க. கெப் பீச்சுல, நண்டு மார்க்கெட் பக்கம். ரெண்டு மணிக்கு நில்லு. ஊர் சுத்த வந்தவ மாதிரி பை மாட்டிக்கிட்டு வா. போலீஸ் கீலீஸ்னு யாரையும் இழுக்காத."

"சும்மாவா விடறாங்க?"

"ஒரு வேலை முடிச்சுக் கொடுக்கச் சொன்னாங்க. நாளையோட முடியுது."

மேற்கொண்டு கேட்பதற்குள் போன் அடங்கிவிட்டது.

அவள் பிறந்த மெகாங் டெல்டாவில் வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்று என்று யாரும் கிடையாது. தலைப்பிள்ளையைத் தூக்கிப் போக வரும் கெட்ட ஆவி, ஒன்றைத் தேடி ஏமாந்து திரும்பட்டும் என்று என்றைக்கோ யாரோ செய்து வைத்த ஏற்பாடு. தோவா இரண்டு. அவளுக்குப் பின் மூன்று, நான்கு, ஐந்து என்று தம்பி தங்கைகள். எல்லாருக்கும் கடைசியாகப் பிறந்த கியெமுக்கு வீட்டில் எண் கிடையாது. அவன் குட்டி. இருபத்திரண்டு வயதிலும் குட்டி.

அந்தக் குட்டிதான் கடற்கரை ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலை என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி, புதுப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, இதே எல்லையைத் தாண்டிப் போனான். போன இடத்தில் ஓட்டல் இல்லை. உயரமான மதில், கம்பி போட்ட ஜன்னல், அறைக்கு இருபது கம்ப்யூட்டர். முகம் தெரியாதவர்களிடம் காதல் வசனம் பேசி அவர்கள் சேமிப்பைக் கறக்கும் வேலை. கறக்காத நாளில் அடி. முதல் மாதம் ஒரே ஒரு தடவை, குளியலறையிலிருந்து, அழுதுகொண்டே இதைச் சொன்னான். பிறகு சத்தமே இல்லை. நேற்றுவரை.

"பாஸ்போர்ட்டு, பாஸ்போர்ட்டு."

டிரைவர் மகரா பிளாஸ்டிக் கூடையோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய கம்போடியர். இருபது வருடமாக இந்த ரோட்டில் வேன் ஓட்டுகிறவர், வியட்நாம் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. பயணிகள் நிழலில் நிற்க, டிரைவர் எல்லாப் பாஸ்போர்ட்டையும் கூடையில் வாரிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்து முத்திரை வாங்கி வருவார். எல்லை வேன்களில் அதுதான் வழக்கம். யாரும் யோசிப்பதில்லை. கூடை நீண்டால் கை தானாகப் போகும்.

அரை மணி கழித்துத் திரும்பினார். முன் சீட்டில் மூட்டை மாதிரிப் பைகளோடு உட்கார்ந்திருந்த பெல்ஜியம் ஜோடிக்கு அவர்களுடையதைக் கொடுத்தார். தோவாவுக்கு அவளுடையதைக் கொடுத்தார். மிச்சமிருந்த மூன்றை ஒரு ரப்பர் பேண்டில் மாட்டி, ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

பின் சீட்டில் இருந்த மூன்று இளவட்டங்களும் தங்கள் பாஸ்போர்ட் திரும்பி வராததைக் கண்டுகொள்ளவே இல்லை.

வேன் கிளம்பியது. எல்லைக்குக் கம்போடியப் பக்கம் ரோடு பாதி தார், பாதி செம்மண். இரண்டு பக்கமும் உப்பளம். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"எங்க சித்திக்கு நாப்பது. தப்பிச்சீங்க, அக்காவே போதும். என் பேரு குயென். பத்தொம்பது. இவன் ஹாவ், இருபது. அவன் சாங், என் கூடப் படிச்சவன். ஊர் சுத்தவா போறீங்க?"

"ஆமா."

"தனியாவா? வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் சுத்தற ஊர் வேற."

குயென் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹாவ் என்ற உயரமான பையன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "பையைப் பாரு, கரடி தொங்குது. நம்ம எல்லாரையும் விட அக்காதான் சின்னப் பொண்ணு."

தோவாவும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அவர்களுடைய பைகள் கண்ணில் பட்டன. மூன்றும் புதுசு. ஒன்றில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்களும் ஊர் சுத்தத்தானா?"

"ஆமாக்கா. பீச் பார்க்க." மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பிறகு சாங் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"இவனை வெச்சுக்கிட்டு ஒரு பொய் சொல்ல முடியாது," என்றாள் குயென். "பார்டர்தான் தாண்டியாச்சே, இனி சொன்னா என்ன? ஓட்டல்ல வேலைக்குப் போறோம்க்கா. ஆறாம் அண்ணன் வாங்கிக் கொடுத்தாரு. பார்டர்ல வேலைன்னு சொன்னா ஆயிரம் பேப்பர் கேப்பாங்க, பையை மாட்டிக்கிட்டு பீச் பார்க்கப் போறோம்னு சொல்லுங்கன்னாரு."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தோவா சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"எந்த ஆறாம் அண்ணன்?"

"ஆறாம் அண்ணன்தான். கெப்ல வந்து நிப்பாரு."

டெல்டாவில் ஒரு சந்தை நடுவில் நின்று 'ஆறு' என்று கூப்பிட்டால் பதினைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தோவாவின் கண்ணில் ஒரு தடியன் தோன்றினான். கழுத்தில் சங்கிலி, விரலில் கல் வைத்த மோதிரம், தங்கப்பல். கியெமை இழுத்துப் போனவனும் இப்படி ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும். அதே ஓட்டல் வேலை, அதே புதுப் பை, அதே பீச் கதை.

வாயைத் திறக்கலாமா?

இவர்கள் கலவரமாகி டிரைவர் யாருக்காவது போன் போட்டால், இரண்டு மணிக்கு நடக்க வேண்டியது நடக்காமல் போகலாம். ஊரான் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளையை விடுவதா? கியெமை அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அம்மா வயலில் இருந்த நாளெல்லாம் அவன் அழுதது இவள் தோளில்தான்.

குயென் பையைத் துழாவி ரம்புத்தான் பழக் கொத்து ஒன்றை எடுத்தாள். நகத்தால் ஒன்றைக் கீறித் தோலை உரித்து, வெள்ளையாகப் பளபளத்த பழத்தை நீட்டினாள். "சாப்பிடுங்கக்கா. எங்க வீட்டு மரம்."

தோவா வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"குயென், அந்த வேலைக்குப் போகாதீங்க."

"என்னக்கா?"

"அது ஓட்டல் இல்ல. உள்ள போனா வெளிய விடமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இப்படித்தான் போனான். மூணு மாசமா அடி வாங்கறான்."

ஹாவ் ஒரு மாதிரியாகச் சிரித்தான். "ஏன்க்கா, உங்க ஓட்டலுக்கு ஆள் குறையுதா? கரடி பையை மாட்டிக்கிட்டு ஆள் பிடிக்க வந்தீங்களா?"

"நான் ஏன்டா தம்பி..."

"எல்லாரும் இதான் சொல்றாங்க. கம்போடியான்னு சொன்னாலே கடத்திட்டாங்க, கிட்னியை எடுத்துட்டாங்க. எங்க மாமா நாலு வருஷம் இங்கதான் கொத்து வேலை பார்த்தாரு. ரெண்டு கிட்னியோடதான் இருக்காரு."

"ஆறாம் அண்ணன் அந்த மாதிரி ஆள் இல்லக்கா," என்றாள் குயென். அவள் குரலில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. "தினம் பேசுவாரு. போன வாரம் எனக்குக் காய்ச்சல். இஞ்சித் தண்ணி குடி, ஐஸ் தொடாதன்னு எங்கம்மா மாதிரி சொன்னாரு. இங்க பாருங்க, இன்னைக்குக் காலையில அனுப்பினது."

கைப்பேசியைத் தட்டினாள். பதிவான ஒரு ஆண் குரல் பேசியது.

"குயென், காய்ச்சல் விட்டுச்சா? பயப்படாம வா. இங்க கடல் நம்ம ஊர் மாதிரி சேறு இல்ல, அடி தெரியும். நான் வந்து நிப்பேன், சரியா?"

கடைசி 'சரியா'வை இழுத்து, மூக்கால் முடிக்கும் குரல். எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து மூக்குத்தண்டு வளைந்ததிலிருந்து அந்தக் குரல் அப்படித்தான் முடியும். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் தோவா.

"இன்னொரு தடவை போடு."

குயென் போட்டாள்.

தோவாவின் கட்டைவிரல் தானாக மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டு போனது. இரண்டு, நான். மூன்று, ஹை. நான்கு, துவான். ஐந்து, லீ. அதற்கு அடுத்தவனுக்கு வீட்டில் எண் கொடுக்கவில்லை. செல்லமாகக் குட்டி என்று விட்டுவிட்டார்கள். வீட்டை விட்டு வெளியே போனவன் தனக்கு வரவேண்டிய எண்ணைத் தானே எடுத்துக்கொண்டான்.

ஆறு.

சங்கிலியும் தங்கப்பல்லும் போட்ட தடியன் காணாமல் போனான். அந்த இடத்தில் குட்டி நின்றான்.

கம்போங் திராச் ஊருக்குள் மகரா வேனைப் பெட்ரோல் பங்கில் ஒதுக்கினார். பெல்ஜியம்காரர்கள் சுண்ணாம்புக் குன்றைப் படம் எடுக்க இறங்கினார்கள். தோவா இறங்கி, டீசல் பீப்பாய்களுக்குப் பின்னால் போய் நேற்றைய நம்பரை அழுத்தினாள். மணி ஒன்று பதினெட்டு.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "அக்கா, வந்துட்டியா?"

"எத்தனை பேரைக் கேட்டாங்க?"

"எதை?" அலைச் சத்தத்துக்கு நடுவில் கேட்டான்.

"குட்டி, உன்னைத்தான் கேக்கறேன். உன்னை விடறதுக்கு எத்தனை பேர்?"

"மூணு."

"குயெனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு."

"அந்த வேன்லயா இருக்க?" குரல் கீழே இறங்கி, கெஞ்சலாகத் திரும்பியது. "அக்கா, அக்கா, கேளு. ஒண்ணும் சொல்லிடாத. அரை மணி நேரம் வாயை மூடிக்கோ, போதும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களும் ஆளுக்கு மூணு பேரைக் கூட்டி வந்தா வெளிய வந்துடலாம்."

"அந்த ஒம்பது பேரு?"

"என் இடது காது கேக்கலக்கா. அடிச்ச அடியில போச்சு. இன்னைக்கு மூணு பேர் வரலைன்னா என்னை வேற கம்பெனிக்கு வித்துடுவாங்க. அங்க போனவன் போன்கூட பண்ண முடியாது. ரெண்டு மணிக்கு என் கூட ஒருத்தன் வருவான். அவன் கையில என் பாஸ்போர்ட்டு. ஆளை எண்ணிட்டு அதைக் கொடுப்பான். நாம பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடலாம். ரெண்டாம் அக்கா, உன்னைத் தவிர எனக்கு யாரு?"

அவள் போனை வைத்தாள். மூன்று பேரும் வேன் வாசலில் உட்கார்ந்து பழத் தோலை ஒருவர் மீது ஒருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விலைச் சீட்டு தொங்கிய பை சாங்குடையது என்பது இப்போதுதான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. வேன் தானாகப் போகும், டிரைவர் தானாகக் கொடுப்பார், கியெம் தானாக வருவான். அந்தச் சுலபம்தான் அவளை உலுக்கியது. கியெமுக்கும் இப்படிச் சுலபமாகத்தான் இருந்திருக்கும். காய்ச்சலா, இஞ்சித் தண்ணி குடி.

வேனுக்குப் போய் மகராவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அது அவள் இடம் இல்லை.

"அண்ணே, பெட்டியில இருக்கிற மூணு பாஸ்போர்ட்டையும் என்கிட்ட கொடுங்க."

மகரா பெட்ரோல் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சொன்ன ஆள்கிட்டதாம்மா கொடுப்பேன்."

"யார் சொன்னது?"

"போன்ல ஆறுன்னு ஒருத்தன். கெப்ல வாங்கிக்கிறேன்னான்."

"நான் அவன் வீட்டு ரெண்டு."

மகரா முதல் தடவையாக அவளை முழுசாகப் பார்த்தார். தொப்பி, கரடி, சூப் கடை அடுப்பில் கருத்த முழங்கை.

"பீப்பாய்க்குப் பின்னால நீ பேசினது காதுல விழுந்துச்சு," என்றார். "வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படி ஏறுறாங்க. மூணு பேரு, நாலு பேரு. எல்லாம் புதுப் பை. ஏத்திட்டுப் போறேன். திரும்பி வர்றப்ப அதுல ஒரு முகத்தைக்கூட நான் ஏத்தினது கிடையாது. நான் டிரைவரு. கேள்வி கேட்டா நாளைக்கு வண்டி எரியும்."

"தெரியும்ணே."

"எவனாவது வந்து கேட்டா என்ன சொல்றது?"

"வீட்டுக்கு மூத்தவ வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க. ரெண்டு கேட்டா ஆறு மறுக்க முடியாது. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

மகரா தாடையைச் சொறிந்துகொண்டார். "அந்த வழக்கம் அவனுங்களுக்கும் தெரியும்," என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லி, பெட்டியைத் திறந்தார்.

வேன் நகர்ந்தது. தோவா பின் சீட்டுக்குப் போய், மூன்று பாஸ்போர்ட்டையும் மூன்று மடியில் வைத்தாள்.

"ஆறாம் அண்ணன் என் தம்பி," என்றாள்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. மதில், அடி, காது, மூன்று பேர் கணக்கு, எதையும் மறைக்கவில்லை. சாங்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. குயென் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது கடிக்கும் பிராணி போலப் பார்த்தாள்.

"இஞ்சித் தண்ணி..." என்றாள்.

"சின்ன வயசுல நான் அவனுக்குச் சொன்னது."

ஹாவ் மட்டும் அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டான். "ஒரு விஷயம் சொல்லுங்க. எங்களைக் கொடுத்தாத்தான் உங்க தம்பியை விடுவாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"நாங்க போகலைன்னா?"

"விட மாட்டாங்க."

"அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் நீங்க வந்திருக்கீங்க."

"ஆமாடா."

"எந்த அக்கா இப்படிப் பண்ணுவா?" ஹாவ் பாஸ்போர்ட்டைக் கால்சட்டைப் பையில் செருகினான். "கதையா இருந்தாலும் ஒரு நியாயம் வேணாமா? உங்களுக்கு இந்த மூணு வேலைக்கும் வேற மூணு பேர் ரெடியா இருக்காங்க. அவ்வளவுதான். எங்க வீட்ல நான் போய் நின்னா முகத்துல காறித் துப்புவாங்க. நான் ஆறாம் அண்ணனையே கேட்டுக்கறேன்."

அவன் கேட்டது சரியான கேள்வி. அவளே அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கெப் வந்தது. இடது பக்கம் கடல் சட்டென்று திறந்துகொண்டது. நண்டு மார்க்கெட்டின் தகரக் கூரைகளுக்குக் கீழே புகை, பச்சை மிளகுக் கொத்து வதங்கும் வாசனை. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூங்கில் கூடைகளை இழுத்து வந்து, உயிர் நண்டுகளைத் தரையில் கொட்டினார்கள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

"நான் இன்ஜினை நிறுத்த மாட்டேன்," என்றார் மகரா. "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

கதவு திறந்ததும் பெல்ஜியம் ஜோடி இறங்கியது. அவர்களை இடித்துக்கொண்டு ஹாவ் இறங்கி நடந்தான். தோவா பின்னாலேயே ஓடினாள். குயெனும் சாங்கும் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார்கள்.

கியெமை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கணவாய் மீன் சுடும் கடை ஓரத்தில், சட்டை காற்றில் கொடி மாதிரி ஆட, எலும்பாக ஒருவன் நின்றான். பத்தடி தள்ளி, நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து நண்டுக் காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மேஜைமேல், மிளகு உப்புத் தட்டுக்குப் பக்கத்தில், பச்சை அட்டை போட்ட பாஸ்போர்ட் ஒன்று கிடந்தது.

"ஆறாம் அண்ணே?" என்றான் ஹாவ்.

கியெம் திரும்பினான். வலது பக்கமாகத் திரும்பினான். கேட்கும் காதைக் கொடுத்தான். "ஹாவா? மத்த ரெண்டு பேரு?"

"வேன்ல. அந்தக்கா என்னென்னவோ உளறுதுண்ணே. நீங்க எங்களை விக்கறீங்களாம். உங்க சொந்த அக்காவாம். பொய்தானே?"

கியெமின் கண் ஹாவின் தோளைத் தாண்டி அவளைத் தொட்டது. தோவா நின்றுவிட்டாள். கத்தியிருக்கலாம், இழுத்திருக்கலாம். செய்யவில்லை. இவ்வளவு தூரம் அவள் செய்தது எல்லாம் அவள் செய்தது. இதற்கு மேல் அவன்தான் செய்ய வேண்டும்.

நாற்காலிக்காரன் நிமிர்ந்து விரலால் எண்ணினான். ஒன்று. வாய் நிறைய நண்டோடு, மற்றது எங்கே என்று கையால் கேட்டான்.

வேனில் இருவர், இதோ ஒருவன். கியெம் ஒரு 'பொய்' சொன்னால் போதும். ஹாவே போய் மற்ற இரண்டு பேரையும் கூட்டி வருவான்.

"அண்ணே, சொல்லுங்க."

கியெம் மேஜைமேல் கிடந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தான். ஹாவின் முகத்தைப் பார்த்தான். குரலாக மட்டும் தெரிந்தவனுக்கு ஒரு முகம் இருந்தது. உதட்டுக்கு மேல் முளைத்தும் முளைக்காத மீசை.

"அவ பொய் சொல்ல மாட்டா," என்றான். பிறகு பல்லுக்கு நடுவில், "ஓடு. வேனுக்கு ஓடுடா."

ஹாவ் ஓடவில்லை, விழித்தான். தோவா அவன் பையின் பட்டையைப் பிடித்துத் திருப்பி முதுகில் ஒரு அறை விட்டாள். அதற்குப் பிறகு ஓடினான். கியெம் மட்டும் அங்கேயே நின்றான். மூன்று மாதம் யாராவது சொன்னால்தான் நகர்ந்து பழகிய கால்கள்.

"குட்டி, நட."

"பாஸ்போர்ட்டுக்கா."

"கிடக்கட்டும். நட."

நாற்காலிக்காரன் எழுந்தான். கை இரண்டிலும் நண்டுச் சாறு. ஒரு கையால் போனை எடுக்கப் பார்த்தான், வழுக்கியது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தான். அதற்குள் அவன் முன்னால் ஒரு மூட்டைப் பை வந்து நின்றது. பெல்ஜியம்காரர் வாயெல்லாம் பல்லாக, கடலில் நிறுத்தியிருந்த பெரிய நண்டுச் சிலையைக் காட்டி, தன் கைப்பேசியை அவனிடம் நீட்டினார். ஒரு படம் எடுத்துத் தர வேண்டுமாம். அவன் இடது பக்கம் விலகினான், அவரும் அதே பக்கம் விலகினார். வலது பக்கம் போனான், அவர் மனைவி நின்றாள்.

தோவா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. கதவு மூடுவதற்கு முன்பே மகரா வேனைத் திருப்பிவிட்டார்.

பின் கண்ணாடியில் நாற்காலிக்காரன் ரோட்டு நடுவில் நின்று யாரிடமோ போனில் பேசுவது தெரிந்தது. அவன் ஓடி வரவில்லை. ஓடி வராததுதான் பயமாக இருந்தது.

"பார்டருக்குப் போகலாம்ல?" என்றாள் குயென்.

"பார்டர்ல இவனுங்க ஆள் நிக்கும், இப்ப பேசறது அதுக்குத்தான்," என்றார் மகரா. கண்ணாடியில் தோவாவைப் பார்த்தார். "அதோட உன் தம்பிகிட்ட பாஸ்போர்ட்டும் இல்ல. தலைநகருக்கு விடறேன். உங்க நாட்டுத் தூதரக வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் என்னை உங்களுக்குத் தெரியாது."

"எவ்வளவு நேரம்ணே?"

"மூணு மணி நேரம். வழியில எவனும் மறிக்கலைன்னா."

கியெம் சீட்டில் உட்காரவில்லை. இரண்டு சீட்டு வரிசைக்கு நடுவில் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அவனைச் சுற்றி ஆறு கால்கள், மூன்று புதுப் பைகள். ஹாவ் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சாங் அழுதுகொண்டிருந்தான். குயென் ஒருதடவை வாயைத் திறந்து, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"அக்கா, தண்ணி இருக்கா?" என்றான் கியெம்.

தோவா கரடிப் பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். கால் பாட்டில்தான் மிச்சம். அவன் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டி முதலில் குயெனிடம் கொடுத்தாள். குயென் குடித்துவிட்டு சாங்கிடம் கொடுத்தாள். சாங் ஹாவிடம். நீட்டிய கையை மடக்காமல் கியெம் காத்திருந்தான். ஹாவ் இரண்டு மடக்குக் குடித்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தான். பிறகு கீழே குனிந்து, முகத்தைப் பார்க்காமல், அந்தக் கையில் வைத்தான்.

மகரா பின்னால் வரும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.